பின்பால் மிஷினும் அப்பாவின் ரேடியோவும்



"டீச்சர், அமெரிக்கா போய்ட்டு வந்தீங்களே, நயாகரா போட்டோ எங்கே?" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். நயாகரா போனோம், பார்த்தோம், நனைந்தோம். அந்தப் போட்டோக்களை மாப்பிள்ளை அனுப்பியதும் போடுகிறேன். இன்று எழுதப் போவது வேறு. சிகாகோவுக்குப் பக்கத்தில் என் மகள் குடியிருக்கும் தெருவில், ஒரு வீட்டின் நிலவறையில் பார்த்த ஒரு பழைய விளையாட்டு மிஷினைப் பற்றி. கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள். முடிவில் என் சொந்தக் கதையும் ஒன்று இருக்கிறது.

பின்பால் மிஷின் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு குண்டு மேலே போகும், முட்டும், விளக்கு எரியும், கீழே வரும்போது இரண்டு சின்னத் துடுப்புகளால் தட்டிவிட வேண்டும். அதன் நிஜ வடிவம்தான் இது. கட்டில் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி, சாய்வாகக் கண்ணாடி மூடி, உள்ளே எவர்சில்வர் போல மின்னும் இரும்புக் குண்டு. தலைமாட்டில் படம் வரைந்த கண்ணாடி, அதில் மதிப்பெண் ஓடும்.

மகள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. என் பேத்தி அவர் வீட்டுக்குத்தான் விளையாடப் போவாள். ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். "அம்மாச்சி, மிஷினுக்கு மூளை கெட்டுப் போச்சு. பட்டனை அழுத்துனா தூங்கிடுது. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்குது" என்றாள். மறுநாள் அவர் அதைப் பிரித்துப் பார்க்கப் போவதாகச் சொல்லவே, நானும் கூடப் போனேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை முப்பத்தைந்து வருஷம் பாடம் எடுத்தவளுக்கு, யாராவது எதையாவது பிரித்தால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது.

அவர் பிரித்துக்கொண்டே சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த மிஷினின் வரலாற்றை அதன் மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்பது என் கருத்து.

முதலில் இதில் மின்சாரமே கிடையாது. பிரான்சில் பதினெட்டாம் நூற்றாண்டில் 'பகாடெல்' என்று ஒரு மேசை விளையாட்டு இருந்தது. மேசையில் ஆணிகள், குழிகள். கோலால் குண்டைத் தள்ளிக் குழியில் விழவைக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்குக் குடியேறிய மான்டேக் ரெட்கிரேவ் என்பவர் 1871-இல் அதில் ஒரு திருத்தம் செய்து காப்புரிமை வாங்கினார். கோலுக்குப் பதிலாக, சுருள்வில் வைத்த ஓர் உந்துகோல். இழுத்து விட்டால் குண்டு மேலே ஓடும். இன்றைய மிஷினிலும் அந்தச் சுருள்வில் அப்படியே இருக்கிறது.

1931-இல் சிகாகோவில் டேவிட் காட்லீப் 'பேஃபிள் பால்' என்ற மிஷினை விற்க ஆரம்பித்தார். கடை மேசை மேல் வைக்கிற அளவுதான். அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம் அது. வேலை போனவர்களுக்கு ஒரு சென்ட் காசில் கிடைத்த பொழுதுபோக்கு என்பதால் மிஷின் பரவியது. அடுத்த வருஷம் ரேமண்ட் மலோனி 'பேலிஹூ' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அது ஓடிய ஓட்டத்தில் கம்பெனிக்கே 'பேலி' என்று பெயர் ஆகிவிட்டது. அன்றிலிருந்து இந்தத் தொழிலுக்குத் தலைநகரம் சிகாகோதான். நமக்குப் பட்டாசுக்குச் சிவகாசி, பூட்டுக்குத் திண்டுக்கல் என்பது போல.

மின்சாரம் நுழைந்தது 1933-இல். ஹாரி வில்லியம்ஸ் என்ற வடிவமைப்பாளர் 'கான்டாக்ட்' என்ற மிஷினில் டார்ச் லைட்டில் போடுவது போன்ற ஈரமற்ற பேட்டரியை வைத்தார். குண்டு ஒரு குழியில் விழுந்தால் அங்கே உள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்து, காந்தமாகி, குண்டை உதைத்து வெளியே தள்ளும். குழியில் விழுந்தது தானாக எழுந்து வந்தால் அந்தக் காலத்து மனிதருக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். மிஷினைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் முடிந்துவிடும் என்கிற 'டில்ட்' கருவியும் இவர் கொண்டுவந்ததே. ஏமாற்றுகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் போச்சு. அதனால் சில வருஷங்களிலேயே சுவர் மின்சாரத்துக்கு மாறினார்கள். பெட்டிக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர் வந்து உட்கார்ந்தது. அமெரிக்க வீட்டு மின்சாரம் சுமார் 120 வோல்ட். அதைச் சுருள்களுக்கு 24, 30 வோல்ட் என்றும், குட்டி பல்புகளுக்கு 6 வோல்ட் என்றும் இறக்கிக் கொடுப்பது அதன் வேலை.

இதற்கிடையே ஒரு தடைக்கதையும் உண்டு. பல மிஷின்கள் ஜெயித்தவருக்குக் காசு கொடுத்தன. துடுப்பு இல்லாத காலம் ஆதலால் குண்டு எங்கே விழும் என்பது ஆடுபவர் கையில் இல்லை. "இது சூதாட்டம், பிள்ளைகளின் காசைத் திருடுகிறது" என்று சொல்லி நியூயார்க் மேயர் லாகார்டியா 1942-இல் தடை போட்டார். போலீஸ் மிஷின்களைப் பிடித்து வந்து சம்மட்டியால் உடைத்தார்கள். மேயரே சம்மட்டியோடு நிற்கும் படங்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ், ஏன், மிஷினைச் செய்யும் சிகாகோவிலேயே தடை இருந்தது! ஊரில் செய்யலாம், ஊரில் ஆடக்கூடாது.

துடுப்பு வந்தது 1947-இல். காட்லீப் கம்பெனியின் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மிஷினில் ஹாரி மாப்ஸ் என்பவர் பக்கத்துக்கு மூன்றாக ஆறு துடுப்புகள் வைத்தார். ஆனால் அவற்றுக்குப் பலம் போதாது. கீழிருந்து ஒரே தட்டில் குண்டை மேலே ஏற்ற முடியாது. மறு வருஷம், 1948-இல், ஸ்டீவ் கோர்டெக் என்பவர் 'டிரிபிள் ஆக்‌ஷன்' என்ற மிஷினில் ஆறை இரண்டாகக் குறைத்தார். இரண்டையும் அடிப்பக்கம் வைத்தார். முக்கியமாக, அவற்றுக்கு நேர்மின்சாரம், அதாவது டி.சி. கொடுத்தார். துடுப்புக்கு வலு வந்தது. ஆறு வைத்தால் செலவு என்று கணக்குப் பார்த்ததும் ஒரு காரணம் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இந்த கோர்டெக் 1937-இல் சிகாகோவில் மழைக்கு ஒரு கம்பெனி வாசலில் ஒதுங்கி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். 2012-இல் தம் நூறாவது வயதில் மறைந்தார். மழைக்கு ஒதுங்கியவர் வைத்த இரண்டு துடுப்புகள்தான் இன்றுவரை எல்லா மிஷினிலும் இருக்கின்றன.

துடுப்பு வந்ததும் இது கைத்திறன் விளையாட்டு ஆகிவிட்டது. ஆனால் சட்டம் அதை ஒப்புக்கொள்ள ஏறக்குறைய முப்பது வருஷம் ஆனது. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நியூயார்க் மாநகராட்சி உறுப்பினர்கள் முன்னால் மிஷினை ஆடிக் காட்டினார். "இப்போது இந்த வழியாகக் குண்டு போகும்" என்று விரலால் காட்டிவிட்டு உந்துகோலை இழுத்து விட்டார். சொன்ன வழியிலேயே போனது. தடை நீங்கியது. அந்த ஒரு தட்டில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று அவர் பிறகு ஒப்புக்கொண்டது தனிக் கதை.

சரி, மின்சாரத்துக்கு வருவோம்.

1970-களின் நடுப்பகுதி வரை இந்த மிஷின்களில் மூளை என்று தனியாக ஒன்று கிடையாது. ரிலேக்கள், பல்சக்கரங்கள், கிலோமீட்டர் கணக்கில் வயர்கள். மதிப்பெண் ஏறினால் 'டக் டக்' என்று சக்கரம் சுழலும். கெட்டால் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 1974-இல் டேவ் நட்டிங் குழுவினர் பேலியின் 'ஃபிளிக்கர்' மிஷினுக்குள் இன்டெல் 4004 என்ற சில்லை வைத்துச் சோதனை செய்தார்கள். அரிசோனாவைச் சேர்ந்த மிர்கோ என்ற நிறுவனம் முதலில் சந்தைக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. 1977-இலிருந்து பேலி, வில்லியம்ஸ், காட்லீப் மூன்றும் மைக்ரோபிராசசருக்கு மாறிவிட்டன. அந்த வருஷம் பேலி விட்ட 'எயிட் பால்' இருபதாயிரத்துக்கும் மேல் விற்றது.

மூளை வந்ததும் சாப்பாட்டுத் தேவையும் மாறியது. அதுவரை இரண்டு வகை வோல்டேஜ் போதும். இப்போது சில்லுகளுக்கு 5 வோல்ட் வேண்டும், அதுவும் ஆடாமல் அசையாமல். சுருள்களுக்கு நாற்பது சொச்சம் வோல்ட். விளக்குகளுக்கு 6 வோல்ட் அளவில். ஆரஞ்சு நிறத்தில் எண் காட்டும் வாயுக் குழாய்களுக்கு 150-லிருந்து 200 வோல்ட் வரை. பேலி மிஷினில் சுருளுக்கு 43, எண் குழாய்க்கு 190. ஒரே வீட்டில் பச்சைக் குழந்தைக்குப் பால், வேலைக்குப் போகிறவனுக்குச் சோறு, பாட்டிக்குக் கஞ்சி என்று தனித்தனியாகச் சமைப்பது மாதிரி. இத்தனையையும் ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து பிரித்துக் கொடுக்கும் அடுப்படிதான் பவர் சப்ளை போர்டு.

அந்தப் போர்டைத்தான் பெரியவர் அன்றைக்குக் கழற்றினார். மிஷின் எழுபதுகளின் கடைசியில் செய்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்த எதுவும் களைத்துத்தான் போகும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கியும் உடனே தொடவில்லை. "பிளக்கைப் பிடுங்கினாலும் இதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், டீச்சர்" என்றார் (அவருக்கு என் மகள் சொல்லிக்கொடுத்த தமிழ்ச் சொல் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் ஆங்கிலம்). ஒரு ரெசிஸ்டரின் இரு முனையிலும் வயர் கட்டி வைத்திருந்தார். அதைக் கண்டன்சரின் காலில் வைத்து, தங்கியதை வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்து, பிறகுதான் கை வைத்தார். ஸ்குரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க விடுகிறவர்கள் உண்டு, அது தப்பு என்றார்.

நான் கேட்டேன்: "மூளை கெட்டுப்போச்சு என்கிறாளே பேத்தி. மூளை போர்டை விட்டுவிட்டு இதை ஏன் கழற்றுகிறீர்கள்?"

"எல்லாரும் மூளையைத்தான் குறை சொல்வார்கள். முதலில் அதற்குச் சாப்பாடு போகிறதா என்று பார்க்க வேண்டும்" என்றார்.

இதை அப்படியே என் டைரியில் எழுதி வைத்தேன். காரணம் பின்னால் சொல்கிறேன்.

கழற்றுவதற்கு முன்பே அவர் ஒரு சோதனை செய்திருந்தார். மிஷினை ஓடவிட்டு, 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டரை வைத்தார். 4.9 காட்டியது. "பட்டனை அழுத்து" என்று பேத்தியிடம் சொன்னார். அவள் இரண்டு துடுப்பையும் ஒன்றாக அழுத்தினாள். மீட்டர் 4.5-க்கு இறங்கி ஏறியது. அந்த நொடியில் மிஷின் தூங்கிவிட்டது. பொதுவாக இந்த மிஷின்களில் வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால், மூளை தப்பும் தவறுமாகக் கணக்குப் போடுவதைவிட ஒரேயடியாக நிறுத்தி முதலிலிருந்து தொடங்கட்டும் என்று ஓர் ஏற்பாடு இருக்கும். 1990-களில் வந்த மிஷின்களில் அந்த எல்லை சுமார் 4.6 வோல்ட். ஆக, மூளை கெடவில்லை. தனக்குப் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஏன் போதவில்லை? வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன், கவனியுங்கள்.

சுவரிலிருந்து வருவது ஏ.சி. அது முன்னும் பின்னும் போய்வருகிற மின்சாரம். நான்கு டயோடுகளைச் சேர்த்து 'பிரிட்ஜ்' என்று ஒன்று வைத்திருப்பார்கள். அது ஒருவழிக் கதவு போல. மின்சாரத்தை ஒரே பக்கமாகத் திருப்பும். ஆனால் அப்படித் திருப்பிய மின்சாரம் குழாயில் விட்டு விட்டு வரும் தண்ணீர் மாதிரி துடித்துத் துடித்து வரும். அமெரிக்காவில் நொடிக்கு 120 துடிப்பு, நம் ஊரில் 100. இரண்டு துடிப்புக்கு நடுவே தண்ணீர் நிற்கும் நேரத்தில் என்ன செய்வது? மேல்நிலைத் தொட்டி கட்டுவோம் இல்லையா, அந்தத் தொட்டிதான் ஃபில்டர் கண்டன்சர். துடிப்பு வரும்போது நிரம்பும், இல்லாதபோது கொடுக்கும். தொட்டிக்குக் கீழே ரெகுலேட்டர் என்று ஒரு காவல்காரர். தொட்டியில் எவ்வளவு இருந்தாலும் சரியாக 5 வோல்ட் மட்டும் அளந்து விடுவார். ஆனால் அவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. தொட்டியில் எப்போதும் ஏழு, ஏழரை வோல்ட்டாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அவராலும் 5 கொடுக்க முடியாது.

இந்தத் தொட்டி அலுமினியத் தகடும், தாளும், அதை நனைத்து வைத்த ரசாயனத் திரவமும் சேர்ந்து சுருட்டியது. வருஷம் போகப் போகத் திரவம் காய்கிறது. சூட்டில் இன்னும் சீக்கிரம் காயும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. காய்ந்த கண்டன்சர் என்பது மண் மூடிய தொட்டி. வெளியே பார்த்தால் அதே அளவு, உள்ளே கொள்ளளவு இல்லை. சும்மா இருக்கும்போது சமாளிக்கும். துடுப்பை அழுத்தியதும் சுருள் ஒரே இழுப்பாக மின்சாரத்தை இழுக்க, டிரான்ஸ்பார்மர் ஒரு கணம் தளர, அந்தப் பள்ளத்தை நிரப்பத் தொட்டியில் ஒன்றும் இருக்காது.

பெரியவர் போர்டைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் காட்டினார். கனெக்டர் ஊசிகளைச் சுற்றிச் சால்டரில் மயிரிழை போல வட்டமாக வெடிப்பு. மிஷின் அதிர அதிர, சூடேறி ஆற, விழுந்த விரிசல். சில கனெக்டர்கள் கருகிப் பழுப்பாக இருந்தன. பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் பிடி இன்னும் தளரும். "கண்டன்சரை மட்டும் மாற்றி இதை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வருவேன்" என்றார்.

பியூஸ் மாட்டும் இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்பு யாரோ பியூஸுக்குப் பதிலாக ஈயக் காகிதத்தைச் சுற்றி வைத்திருந்தார்கள். சிகரெட் பாக்கெட்டில் இருக்குமே, அதேதான்! நம் ஊர் டீக்கடை ரேடியோவில் பார்த்தது சிகாகோவிலும். பெரியவர் சிரிக்கவில்லை. "இதனால் வீடே எரிந்திருக்கும்" என்று எடுத்துப் போட்டுவிட்டு, போர்டில் அச்சடித்திருந்த அளவிலேயே பியூஸ் போட்டார். ஒரு ஆம்பியர்கூடக் கூடுதலாகப் போடக்கூடாது என்றார்.

பழைய சால்டரை உறிஞ்சி எடுத்து, கண்டன்சரைக் கழற்றி, புதியதை வைத்தார். அதே கொள்ளளவு. தாங்கும் வோல்டேஜ் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக்கூடாது. பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும் என்று மூன்று தடவை சரிபார்த்தார். கனெக்டர் ஊசிகளை மாற்றினார். பிறகும் உடனே எல்லாவற்றையும் மாட்டவில்லை. மற்ற போர்டுகளுக்குப் போகும் கனெக்டர்களைக் கழற்றி வைத்துவிட்டு, பவர் சப்ளையை மட்டும் தனியாக ஓட்டி, ஒவ்வொரு வோல்டேஜாக அளந்து தாளில் குறித்தார். எல்லாம் சரியாக வந்த பிறகே மூளைக்கு இணைப்புக் கொடுத்தார். சமைத்ததைப் பிள்ளைக்கு ஊட்டும் முன் தாய் ருசி பார்ப்பதில்லையா, அதுபோல.

பேத்தி இரண்டு பட்டனையும் அழுத்தினாள். மீட்டர் 5.0-லிருந்து அசையவில்லை. அவள் போட்ட கூச்சலில் மாப்பிள்ளை பயந்து ஓடி வந்தார்.

இனி என் கதை.

வேலை நடந்துகொண்டிருந்தபோது அவர் ஒன்று சொன்னார். பழைய கண்டன்சர் காய்ந்தால், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். அந்தத் துடிப்பு வடிகட்டப்படாமல் நேரே காதுக்கு வருவதுதான் அது. "பழைய ரேடியோக்களிலும் இப்படித்தான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் குமாஸ்தா. ஐந்து பிள்ளைகள். அவர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் ஒரு வால்வு ரேடியோ. போட்டதும் பாடாது, வால்வு சூடேறி மெல்ல மெல்லக் குரல் வரும். அதற்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டுவார். சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, இலங்கை வானொலியைத் திருப்பி வைத்துக் கண்ணை மூடி உட்காருவார். அந்த அரை மணி நேரம் அவரிடம் யாரும் எதையும் கேட்கக்கூடாது.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ரேடியோ இரைய ஆரம்பித்தது. பாட்டுக்கு மேல் 'ம்ம்ம்' என்று சத்தம். ஒரு கட்டத்தில் பாட்டே கேட்கவில்லை, இரைச்சல் மட்டும். நான்தான் அதை ஜமுக்காளத்தில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்து, டவுனில் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் போட்டுப் பார்த்தார். "டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு போச்சும்மா. இனி இது ஆகாது. பேசாம ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிக்கங்க" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பழைய சாமான்காரர் வந்தபோது, பதினைந்து ரூபாய்க்கு நானே எடுத்துக் கொடுத்தேன். என் முதல் சம்பளப் பணத்தில் அப்பாவுக்கு ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்கித் தந்தேன். அவர் "நல்லா இருக்கும்மா" என்றார். ஆனால் அதைப் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மூன்று வருஷத்தில் அப்பா போய்விட்டார்.

அன்றைக்கு அந்த நிலவறையில் நான் பெரியவரிடம் கேட்டேன்: "டிரான்ஸ்பார்மர் எரிந்து போயிருந்தால் அந்த இரைச்சல் வருமா?"

அவர் தலையை ஆட்டினார். "டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தால் உள்ளே விளக்கே எரியாது. இரைச்சலும் வராது. இரைச்சல் வருகிறது என்றால் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்."

டவுன் கடையில் போட்டுப் பார்த்தபோது அலைவரிசைப் பலகைக்குப் பின்னால் அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு கண்டன்சர். சில ரூபாய்ச் சாமான். நாற்பது வருஷம் கழித்து, பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிவந்து தெரிந்துகொண்டேன்.

அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் அந்தச் சாமான் இல்லாமல் இருந்திருக்கலாம். வால்வு ரேடியோ போய் டிரான்சிஸ்டர் வந்துவிட்ட காலம். என் வருத்தம் என் மேல்தான். "வேறு ஒருவரிடம் காட்டுவோம்" என்று எனக்குத் தோன்றவில்லையே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முதல் பாடவேளை கணக்கு. அதில் தினமும் தூங்குவான். வாய்ப்பாடு கேட்டால் முழிப்பான். "இவனுக்கு மண்டையில் ஏறாது" என்று நான் மற்ற டீச்சர்களிடமே சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் சத்துணவு ஆயா என்னிடம் வந்து, "டீச்சர், அவன் நேத்து மத்தியானம் இங்க சாப்பிட்டதுதான். அதுக்கப்புறம் ஒண்ணும் சாப்பிடலை" என்றார். மறுநாள் முதல் அவனுக்கு மட்டும் கணக்கை மத்தியானத்துக்கு மாற்றினேன். காலையில் ஆயா ஒரு முட்டையோ, பழைய சோறோ எடுத்து வைப்பார். அந்த வருஷ முடிவில் அவன் பதினாறாம் வாய்ப்பாடு வரை சொன்னான். ஆயா சொல்லியிருக்காவிட்டால், நானும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் ரேடியோவைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்தவளாகத்தான் இருந்திருப்பேன். சொல்ல ஆயா இல்லாமல் எத்தனை பிள்ளைகளை அப்படி விட்டேனோ.

பின்பால் கதையை முடிக்கிறேன். வீடியோ கேம் வந்து இந்த மிஷின்களை ஓரங்கட்டியது. 1988-இல் பேலியின் பின்பால் தொழிலை வில்லியம்ஸ் வாங்கியது. 1996-இல் காட்லீப் மூடியது. 1999-இல் வில்லியம்ஸும் பின்பால் செய்வதை நிறுத்தியது. அதன் பிறகு பல வருஷம் ஸ்டெர்ன் என்ற ஒரே பெரிய கம்பெனிதான் செய்துகொண்டிருந்தது. ஆனாலும் பழைய மிஷின்கள் சாகவில்லை. லாஸ் வேகாஸில், கலிபோர்னியாவின் அலமேடாவில் எல்லாம் பழைய மிஷின்களை ஆடுகிற நிலையிலேயே வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் உண்டு. காரணம் என்ன தெரியுமா? அந்தக் காலத்தில் மிஷினோடு மின்சுற்றுப் படத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். எந்த வயர் எங்கே போகிறது, எந்த இடத்தில் எத்தனை வோல்ட், எல்லாம் தாளில் இருந்தது. கம்பெனி போனாலும் படம் மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு இந்தப் பெரியவரைப் போன்றவர்கள் ஒவ்வொன்றாக உயிர் கொடுக்கிறார்கள். இன்று நாம் வாங்கும் எந்தப் பொருளோடு சுற்றுப்படம் வருகிறது? உத்தரவாத அட்டைதான் வருகிறது.

ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் டி.வி.யைப் பிரிக்க வேண்டாம். பழைய வால்வு ரேடியோவிலும் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் தங்கியிருக்கும். தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒருவர் ஆகாது என்றால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

கிளம்பும் நாளன்று பெரியவர் அந்தக் காய்ந்துபோன கண்டன்சரை ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். "வகுப்பில் காட்டுங்கள், டீச்சர்" என்றார். எனக்கு வகுப்பு இல்லை, ரிட்டயர் ஆகிவிட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. இப்போது அது எங்கள் வீட்டில், அப்பாவின் ரேடியோ இருந்த அதே மாடத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் என் பழைய பள்ளியில் அறிவியல் மன்றக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கொண்டு போய்க் காட்டப் போகிறேன்.

உங்கள் வீட்டில் பழைய ரேடியோ இருந்ததா? என்ன ஆனது அது? கீழே எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் வழக்கம்போலத் திருத்தவும் செய்வேன்!